காலை வேட்டையும் காவலிருந்த நாயும்

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்து இவ்விதழைப் புரட்டும் அன்பர்களுள் ஒருவனாக நானும் ஓராண்டுக்கு மேல் இருந்தேன். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என ஒவ்வொன்றாகக் கடந்த பின்னர், "எங்கேனும் சென்றுவர விருப்பமா?" என்று அவளைக் கேட்டேன். குலதெய்வக் கோயிலைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆப்பிரிக்கக் காட்டில் விலங்குகள் வேட்டையாடுவதைக் கண்ணால் காண வேண்டும் என்றாள்.

மருத்துவர் சிரித்தார், தடுக்கவில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரை எழுதித் தந்தார். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஏற்றவை அல்ல. ஆகவே எந்த ஊசியையும் தம்மைக் கேளாமல் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார். மருந்துகளைப் பெரிய பெட்டிகளோடு அனுப்பாமல், மருந்துச் சீட்டுடன் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார். அந்த மருந்துப் பெட்டி என் தோள்பையில் இருந்தது. வேளைக்கு எடுத்துக் கொடுப்பவன் நானே. ஓராண்டுப் பழக்கம், அவள் கையில் ஒப்படைக்க மனம் வரவில்லை.

போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ வடிநிலத்துக்கு ஜூலை மாதத்தில் சென்றோம். அங்கு அது மழையற்ற குளிர்காலம். ஆயினும் அங்கோலா நாட்டு மலைகளில் எப்போதோ பெய்த மழை, மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து அப்போதுதான் வந்து சேர்கிறது. மொரேமி காப்பகத்தை ஒட்டிய முகாமொன்றில் தங்கினோம். வண்டியோட்டிய வழிகாட்டி என் மனைவியை "ம்மா" என்று அழைத்தார். செட்ஸ்வானா மொழியில் பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல்லாம் அது. அவளுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது.

சிங்கம் பார்ப்போம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நாங்கள் கண்டது ஆப்பிரிக்கக் காட்டுநாய். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் தீற்றிய உடல். வட்டமான பெரிய காதுகள். நம் முதுமலையின் செந்நாய்க்குத் தூரத்து உறவு எனலாம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இவற்றைக் கொடிய விலங்குகள் என்று சொல்லித் தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். இன்று கண்டம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 6,600 மட்டுமே.

விடியற்காலையில் ஆறு நாய்கள் வளையருகே எழுந்து ஒன்றோடொன்று முகம் உரசிக்கொண்டன. பறவைகளைப் போலக் கீச்சிட்டன. பிறகு தும்மத் தொடங்கின. வேட்டைக்குப் புறப்படுமுன் அவை தும்முவதையும், தும்மல் மிகுந்தால் கூட்டம் கிளம்பிவிடுவதையும் இதே நாட்டில் ஆய்ந்து 2017இல் வெளியிட்டுள்ளனர். தலைமை நாய் முயற்சியைத் தொடங்கினால் சில தும்மல்களே போதுமாம். கீமோதெரபிக் காலத்தில் அடுத்த வீட்டில் யாரேனும் தும்மினாலே நடுங்கிய குடும்பம் எங்களுடையது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஐந்து நாய்கள் புறப்பட்டன. முன்னங்கால் ஊனமுற்ற ஒன்று குட்டிகளுடன் தங்கிவிட்டது.

மோப்பனே மரங்களினூடே வண்டி குலுங்கிக்கொண்டு பின்தொடர்ந்தது. இம்பாலா மான் கூட்டமொன்றின் மீது நாய்கள் பாய்ந்தன. மான்கள் துள்ளிச் சிதறின. ஒவ்வொரு நாயும் ஒவ்வொரு மானைத் துரத்தி மறைந்தது. சற்றுநேரத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டபடி வெறும் வாயுடன் திரும்பியது. இன்னொன்றும் அவ்வாறே. காட்டுநாய்களின் வேட்டை தவறுவதே இல்லை என்று படித்திருந்தேன். இப்பகுதியில் ஆறு நாய்களின் கழுத்தில் கருவி பொருத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட துரத்தல்களைப் பதிவு செய்தவர்கள் 2016இல் கூறியது வேறு: நூறு துரத்தல்களில் பலிப்பவை ஏறத்தாழ பதினைந்தே. ஒன்றுக்குக் கிடைத்ததை எல்லாம் கூடி உண்பதால் கூட்டம் பிழைக்கிறது.

மூன்றாம் முறை, புதருக்கப்பால் ஓர் அலறல் கேட்டது. நாங்கள் சென்றபோது இளம் இம்பாலா ஒன்றை இரு நாய்கள் வீழ்த்தியிருந்தன. சிங்கம் கழுத்தைக் கவ்வி மூச்சை நிறுத்தும். இவை வயிற்றைக் கிழிக்கின்றன. மரணம் விரைவில் வந்துவிடுகிறது என்றாலும் காணச் சகிக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"திரும்பாதீர்கள். இதைப் பார்க்கத்தானே வந்தோம்" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

மற்ற மூன்றும் வந்து சேர்ந்தன. உறுமலோ சண்டையோ இல்லை. ஒன்றும் பிடிக்காத நாயும் பிடித்த நாயோடு சேர்ந்தே தின்றது. கழுதைப்புலிகள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் தெரிந்தது. கால் மணி நேரத்தில் எலும்பும் தோலுமே மிஞ்சின. வந்த வழியே அவை ஓடத் தொடங்கின, நாங்களும் தொடர்ந்தோம்.

ஆர்ட்வார்க் என்னும் விலங்கு தோண்டிக் கைவிட்டுப்போன வளை அது. அதிலிருந்து குட்டிகள் பாய்ந்து வந்து, திரும்பியவற்றின் வாயை முட்டின. அவை விழுங்கிவந்த இறைச்சியைக் கக்கிக் கொடுத்தன. அந்த நொண்டி நாயும் வந்து ஒன்றின் வாயோரத்தை நக்கியது. அதற்கும் கிடைத்தது.

"பாவம், வேட்டைக்குப் போக முடியாததற்கும் சோறு போடுகின்றன" என்றேன்.

"பாவமா? காலையிலிருந்து இந்தக் குட்டிகளைக் காத்தது யார்?" என்றாள் அவள். குரலில் சற்றே கோபம் இருந்தது.

வழிகாட்டிக்கு எங்கள் மொழி தெரியாது. எனினும் அந்த நாயைச் சுட்டிக்காட்டி அவரும் அதையே சொன்னார்: யாரேனும் ஒருவர் வளையில் இருந்தாக வேண்டும், இருந்தவருக்கும் பங்குண்டு.

முகாமுக்குத் திரும்பும்வரை அவள் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் கையை நீட்டினாள். "அந்தப் பெட்டியைக் கொடுங்கள்." மாத்திரைகளின் நேரத்தை விளக்க முற்பட்டேன். "எனக்குத் தெரியும்" என்றாள். தோள்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நான் கண்விழித்தபோது அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலணியும் அணிந்து, வண்டிக்கு நேரமாகிறது என்று என்னை உலுக்கிக்கொண்டிருந்தாள்.