ஒரே தாச்சியில் கோழி: உப்பும் எண்ணெயும் குறைந்த இராச்சாப்பாடு

திருகோணமலை மீன் தின்று வளர்ந்த ஊர். ஆனால் ஐப்பசி கழிந்து வாடை எழும்பினால் சிறு வள்ளங்கள் கரையேறிவிடும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும் ஆரவாரம் குறையும். கடல் அடங்கும்வரை மீன் விலை கைக்கு எட்டாது. அந்த மாதங்களில் பெரும்பாலான வீடுகளின் குசினிக்குள் வருவது கோழிதான். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு என்பதால் முதல் நாள் மாலையே கோழிக் கடையில் கூட்டம் நிற்கும்.

வாங்கி வந்த கோழியை நாம் சமைக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, முதற்பால் விட்டு இறக்கும் கறி. மற்றது, நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் தின்று பழகி வீட்டுக்குக் கொண்டுவந்த ‘டெவல்’: கோழியை எண்ணெயில் மூழ்கப் பொரித்து, தக்காளி சோஸும் சோயா சோஸும் ஊற்றிப் பிரட்டுவது. ருசியில் இரண்டையும் குறை சொல்ல முடியாது. கிழமையில் மூன்று நாள் சாப்பிடத்தான் இரண்டும் ஏற்றவை அல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரு தாச்சி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரை மணித்தியாலம். அந்தத் தாச்சியின் அடியிலேயே குழம்பும் உருவாகிவிடும்.

போத்தலில் வருவது உப்பு

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சோறு, சம்பல், கருவாடு, பாண் எல்லாவற்றிலும் சேரும் உப்பையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு.

சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது. கடையில் விற்கும் சூப் கட்டியின் எடையில் பாதிக்கு அருகே உப்புத்தான். நான்கு பேருக்கான டெவலில் இரண்டு கரண்டி சோயா சோஸும் ஒரு சூப் கட்டியும் போட்டால், வேறு உப்புச் சேர்க்காமலே ஒருவரின் பங்குக்கு 2 கிராமைத் தாண்டிவிடும். நாளுக்கு அனுமதித்ததில் ஏறத்தாழப் பாதியை அந்த ஒரு கறியே எடுத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் அப்பா மேசையில் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

எண்ணெயும் அப்படித்தான். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதை விட்டுவிடுங்கள் என்று கிழக்கு மாகாணத்தில் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி என்று அளந்து ஊற்றினால் பிரச்சினை இல்லை. தாச்சி நிறைய ஊற்றிப் பொரித்து, மிஞ்சிய எண்ணெயை ஏதனத்தில் எடுத்துவைத்து மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுவதுதான் கெடுதல்.

கழுவுவதா, வேண்டாமா?

இதைச் சொன்னால் பல அம்மாக்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: பச்சைக் கோழியைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவாதீர்கள்.

கோழியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் என்ற கிருமிகள் இருக்கக்கூடும். தண்ணீர் அவற்றைக் கொல்லாது, தெறிக்கவைக்கும். சிங்க், பக்கத்தில் கவிழ்த்த கோப்பை, வெட்டி வைத்த வெங்காயம் எல்லாவற்றிலும் படும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் நூற்றுக்கு 60 பேரின் சிங்கில் கிருமி எஞ்சியிருந்தது. நூற்றுக்கு 26 பேர் அதைப் பச்சையாக உண்ணும் சலாதுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். மஞ்சளும் தேசிக்காயும் வாடையை எடுக்கும், கிருமியை நம்பத்தக்க அளவுக்கு அழிக்காது. கிருமியைக் கொல்வது வெப்பம் மட்டுமே.

கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால் ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர் எடுத்து, இறைச்சியை மெல்ல அமிழ்த்தி எடுங்கள். தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றி, சிங்கையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அதன்பின் சமையல் கடதாசியால் இறைச்சியை ஒற்றி ஈரத்தை எடுங்கள். இந்த ஒற்றியெடுத்தல் ருசிக்கும் தேவை, அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, மரக்கறிக்கு ஒரு பலகை, இறைச்சிக்கு ஒரு பலகை வையுங்கள். இரண்டு வாங்க வசதியில்லாவிட்டால் மரக்கறியை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு அதே பலகையில் கோழியை வெட்டலாம்.

தாச்சியின் அடியில்

நான்கு பேருக்கு 600 கிராம் தொடை இறைச்சி. கடைக்காரரிடமே தோலை உரித்து எலும்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தடித்த இடத்தைக் கத்தியால் கீறி விரித்துவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வேகும். நெஞ்சிறைச்சியும் எடுக்கலாம்; ஆனால் கொஞ்சம் கூட வெந்தாலும் சக்கையாகிவிடும். தொடை பொறுத்துக்கொள்ளும்.

அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள் பூசிப் பத்து நிமிடம் வையுங்கள். அந்த இடைவெளியில் பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் உள்ளி, இரண்டு தக்காளி, இரண்டு கறிமிளகாய், ஒரு பிடி போஞ்சி வெட்டி வையுங்கள். கறிவேப்பிலையும் ஒரு துண்டு ரம்பையும் இருக்கட்டும்.

அடி கனத்த இரும்புத் தாச்சி இதற்கு நல்லது. அதைச் சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சுற்றிவிட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிறகு கை வைக்காதீர்கள். கிளறக் கிளறத் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். ஐந்தாறு நிமிடத்தில் இறைச்சி தானாகவே அடியிலிருந்து விடுபடும். திருப்பினால் அடிப்பக்கம் செம்மண் நிறத்தில் இருக்கும். மறுபக்கத்துக்கு நாலு நிமிடம். அதன்பின் எடுத்துச் சுத்தமான கோப்பையில் வையுங்கள். பச்சை இறைச்சி இருந்த கோப்பையில் வைக்கவே கூடாது.

இப்போது தாச்சியைப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். பலர் அதை ‘அடிப்பிடித்துவிட்டது’ என்று கழுவி ஊற்றிவிடுகிறார்கள். ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது. இறைச்சியின் புரதக் கூறுகளும் சிறிதளவு சர்க்கரையும் ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் சேர்ந்து மாறும்போது இந்த நிறமும் மணமும் பிறக்கின்றன. லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912இல் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே இந்த வினை அழைக்கப்படுகிறது. ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. ஒற்றியெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியில் இந்தப் பழுப்பு அவ்வளவாகப் படியாது. அத்தகைய சட்டியை வெறுமையாக அளவுக்கு மீறிச் சூடாக்குவதும் நல்லதல்ல.

தணலைக் குறைத்து அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை போடுங்கள். வெங்காயத்தின் ஈரத்திலேயே அடி இளகத் தொடங்கும். தக்காளியும் சேர்ந்து குழைந்ததும் அரைக் கோப்பை தண்ணீர், அல்லது கப்பிப்பால் விட்டு, மர அகப்பையால் அடியைச் சுரண்டுங்கள். சீறி எழும் ஆவியோடு பழுப்பெல்லாம் கரைந்து குழம்பாகும். போஞ்சியையும் கறிமிளகாயையும் போட்டு, கோழியையும் அது விட்ட சாற்றையும் சேர்த்து மூடி, எட்டு முதல் பத்து நிமிடம் சிறு நெருப்பில் வையுங்கள். இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். புளிப்பு ஏறினால் நாக்கு உப்பைக் குறைவாகவே கேட்கும். உப்புக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் உபாயம் இதுதான்.

அடியில் இருப்பது பழுப்பாக இருக்கும்வரை நல்லது. கருகினால் கசக்கும். இறைச்சி கருகும்போது உண்டாகும் சில சேர்மங்கள் உடலுக்கும் ஆகாது. அப்போது தாச்சியைக் கழுவிவிட்டுக் குழம்பைப் புதிதாகத் தொடங்குங்கள்.

இந்த அளவில் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் கிடைக்கும், உப்பு 1 கிராமுக்குள் நிற்கும். நெருப்பும் மிச்சம். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற எவருக்கும் அதன் அருமை தெரியும். விறகடுப்பில் சமைப்பவர்களுக்கு, புகைக்குள் நிற்கும் நேரமும் குறைகிறது.

தொட்டுக்கொள்ளக் குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, இடியப்பம் எதுவும் பொருந்தும். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நீரிழிவு இருக்கும் காலம் இது. ஆகவே கோப்பையில் சோறு கால் பங்கோடு நிற்கட்டும். பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும்.

வெந்ததா என்று எப்படி அறிவது?

கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசைத் தொட்டால் கிருமிகள் அழியும். இறைச்சிக்குள் குத்தும் வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆகத் தடித்த துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு இல்லாமல், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். எலும்போடு சமைத்தால் மூடி வைக்கும் நேரத்தை 20 முதல் 25 நிமிடமாக்கி, எலும்பை ஒட்டிய சதையைப் பாருங்கள். வெளிப்புறம் சிவந்து உள்ளே வேகாமல் இருப்பதுதான் தாச்சிச் சமையலில் உள்ள முக்கிய ஆபத்து. பாதி வேகவைத்து, மிச்சத்தை இரவுக்கு வேகவைக்கலாம் என்று விட்டுவைப்பது அதைவிட மோசம்.

ஊசி போட்ட கோழியா?

புரொய்லர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது ஊரெங்கும் உள்ள பேச்சு. அந்தக் கோழி ஐந்தாறு கிழமைகளில் விற்பனைக்கு வருவதற்குக் காரணம் ஊசி அல்ல. பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனமும், புரதம் மிகுந்த தீவனமும்தான். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. பண்ணைகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கண்டபடி கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. அந்தக் கிருமியும் நன்றாக வேகவைத்தால் சாகும். ஊர்க்கோழி ருசிதான், ஆனால் அதிலும் சல்மொனெல்லா இருக்கலாம். அதற்கும் இதே கவனம் வேண்டும்.

வெயிலும் மின்வெட்டும்

பச்சைக் கோழியோ சமைத்த கோழியோ வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் ஒரு மணித்தியாலம்தான். கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் எங்கள் மாவட்டத்தில் பகல் முழுவதும் அப்படித்தான் இருக்கும். நகரச் சந்தையில் கோழி வாங்கி, வேறு அலுவல்களையும் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு நிலாவெளிக்குப் போவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். கோழியைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸ் போட்ட பையில் கொண்டுபோங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் பச்சைக் கோழியை மூடி, ஆகக் கீழ்த் தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் அதன் நீர் மற்றதில் சொட்டும். இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். உறைந்த கோழியை வெளியில் வைத்து இளக்காமல், முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைதொட்டது. அப்படியான நாட்களில் மின்சாரம் போவது புதிதல்ல. திறக்காமல் வைத்திருந்தால் குளிர்சாதனப் பெட்டி நான்கு மணித்தியாலம் குளிரைக் காக்கும். நிரம்பிய உறைபெட்டி ஏறத்தாழ 48 மணித்தியாலமும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலமும் தாங்கும். அதற்கு மேல் வைத்திருந்த இறைச்சியை மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நோய் தரும் கிருமிக்கு மணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மாவட்டத்தின் வடமேற்கில் பதவிசிறிபுரப் பக்கத்தில், காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவு இறைச்சி உண்ணலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதையும் அவர்கள் தாமாக வாங்கக் கூடாது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், அது அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், முதியவர்கள், நீரிழிவுக்காரர் ஆகியோரைக் கோழியிலிருந்து வரும் கிருமி கடுமையாகத் தாக்கும். நோய் சாப்பிட்டு ஒரு நாளிலும் வரலாம், நாலைந்து நாள் கழித்தும் வரலாம். காய்ச்சலோடு வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், எழும்ப முடியாத சோர்வு கண்டால் கைமருந்தோடு நிற்காதீர்கள். ஜீவனி (வாய்வழி நீரேற்ற உப்பு) கரைத்துக் கொடுத்துக்கொண்டே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.