உங்களுக்குத் தெரியுமா? பிளக் பளபளத்தால் ஆபத்து!

படகுகளின் பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. ஹெட் கேஸ்கெட் போய்விட்டால் அந்த உப்புநீர் சிலிண்டருக்குள் கசியும். ஸ்பார்க் பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி வைத்துப் பாருங்கள். மற்றவை கரிபிடித்துப் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்றிருந்தால் சந்தேகம் அந்தச் சிலிண்டர் மேல்தான். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், பெரும்பாலும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கும். எல்லா பிளக்கிலும் ஈரமா? எஞ்சினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். பெட்ரோல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் புகுந்த சந்தேகம் இருந்தால், பிளக்குகளைக் கழற்றாமல் செல்ஃப் போடவே கூடாது. காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.