பூமி ஏன் இழுக்கிறது?

மேலே எறிந்த கல் ஏன் கீழே விழுகிறது? பூமி இழுக்கிறது. பூமி ஏன் இழுக்கிறது? இந்தக் கேள்விக்கு மேதை நியூட்டனே விடை சொல்லவில்லை.

1687-ல் ‘பிரின்சிபியா’ நூலில் ஈர்ப்பு விதியை வெளியிட்டார் அவர். தூரம் இரு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். காரணம் சொல்லாத விதி என்ன விதி என்று ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் குறை கூறினார். காரணம் தெரியவில்லை, ஊகமாக எதையும் சொல்ல மாட்டேன் என்று 1713-ம் ஆண்டுப் பதிப்பில் நியூட்டன் எழுதிவிட்டார்.

அதே விதியைக் கொண்டு, ஒரு வால்நட்சத்திரம் 1758-ல் திரும்பும் என்றார் ஹாலி. 1742-ல் அவர் காலமானார். வால்நட்சத்திரம் 1758 டிசம்பரில் வந்தது! காரணம் தெரியாததால் கணக்கு பொய்க்கவில்லை.

நிறை, காலவெளியை வளைப்பதே ஈர்ப்பு என்றார் 1915-ல் ஐன்ஸ்டீன். ஏன் வளைக்கிறது? கேள்வி ஒரு படி தள்ளிப் போனதே தவிர, தீரவில்லை.