ஆறு வாரக் களிம்பா, ஒரு நாள் சத்திரசிகிச்சையா? முன்தோல் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டியவை

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நெருங்குகிறது. "லீவுக்குள்ள மகனுக்கு ஒப்பரேஷன முடிச்சிடலாமா?" என்று பசறையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் கடிதங்கள் வருகின்றன. எதற்காகச் சத்திரசிகிச்சை என்பது எழுதியவர்கள் பலருக்குத் தெரியவில்லை. முன்தோல் பின்னால் வரவில்லை என்றார்கள், திகதி கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தோலை இழுத்துவிடச் சொன்னதாகவும், அவன் வலியில் கத்துவதாகவும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்றே சொல்ல வேண்டியது: இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் கிழியும்; ஆறும்போது தழும்பு விழும்; அதுவரை இல்லாத இறுக்கம் அந்தத் தழும்பால் வரும்.

பின்னால் வராத தோல் நோயா?

சின்னப் பிள்ளையிடம் பெரும்பாலும் இல்லை. பிறக்கும்போது முன்தோல் ஆண்குறியின் மொட்டோடு ஒட்டியே இருக்கும். வளர வளரத் தானாகப் பிரியும். டென்மார்க்கில் பாடசாலைச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த யாகோப் ஓஸ்டர் என்ற மருத்துவர் 1968 இல் வெளியிட்ட கணக்கில், 6, 7 வயதில் 8 வீதமானோருக்குத் தோல் இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் 1 வீதமானோருக்கே இருந்தது. சிறுநீர் கழிக்கும்போது தோல் பலூன் போல உப்புவதும், வலியோ காய்ச்சலோ இல்லாவிட்டால், கத்தி எடுக்கக் காரணமாகாது.

தோலின் நுனி வெளுத்து, தடித்து, தழும்பு வளையமாக இறுகியிருந்தால் கதை வேறு. அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அப்போது சத்திரசிகிச்சைதான் பெரும்பாலும் சரியான வழி. ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தழும்பு இருக்கா, இல்ல வெறும் இறுக்கம்தானா?"

களிம்பு ஏன் தோற்கிறது?

வெறும் இறுக்கம்தான், ஆனாலும் தொல்லை தருகிறது என்றால் முதலில் முயல வேண்டியது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் களிம்பு. அது வீக்கத்தைக் குறைத்து, தோலை மெல்லியதாக்கி, நெகிழ வைக்கிறது. தடவ வேண்டிய இடம் இறுகிய வளையம். மேலோட்டமாகப் பூசினால் பயன் குறைவு. வழக்கமாக நாளுக்கு இரு தடவை, நான்கு முதல் எட்டு வாரம் தடவி, வலிக்காத அளவுக்கு மெதுவாகத் தோலைப் பின்தள்ளிப் பழக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை.

இவ்வளவு எளிய மருந்து மடூல்சீமைத் தோட்டத்து லயத்தில் எப்படி நடக்கும்? ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் இருக்க, பதின்மூன்று வயதுப் பையன் எங்கே போய்த் தடவுவான்? மருந்து கையிருப்பில் இல்லையென்றால் வெளிப் பார்மசியில் வாங்கச் சொல்வார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இதை எல்லோரும் பட்டறிந்தோம். மீண்டும் காட்டப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், பஸ் காசும் போகும். அரசு 'இலவச வைத்தியம்' என்று சொல்வதில் இந்த இழப்புகள் எதுவும் சேர்வதில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முடியாமலிருக்கிறது. அதனால் ஒரே தடவையில் முடிகிற சத்திரசிகிச்சை குடும்பத்துக்கும் வார்டுக்கும் வசதியாகிவிடுகிறது. பிள்ளையின் தோலைப் பற்றிய முடிவைத் தூரமும் சம்பளமும் எடுக்கின்றன. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

டொக்டரிடம் நேராகவே சொல்லுங்கள்: "சேர், களிம்பு போட்டுப் பாக்க எங்களுக்கு விருப்பம். எல்லா நாளைக்கும் உள்ள மருந்த எழுதித் தாங்க. அடுத்த தடவ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில காட்டத் துண்டு தாங்க." தோட்டத்து மருத்துவ உதவியாளர் இடையில் ஒரு முறை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மொழி தெரியாதே?

தமிழும் 1987 முதல் இலங்கையின் ஆட்சிமொழி. வார்டில் அது பெரும்பாலும் யாரோ ஒரு சிற்றூழியர் பத்துப் பேர் முன்னால் உரக்க மொழிபெயர்ப்பதாகவே இருக்கிறது; கூச்சத்தில் பையன் பாதியை விழுங்கிவிடுவான். தொல்லைகளை முன்கூட்டியே துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். தமிழ் தெரிந்த தாதியரைக் கேளுங்கள், திரை மறைவில் பேசக் கேளுங்கள். விளங்காத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெட்டித்தான் ஆக வேண்டுமா?

முழுத் தோலையும் எடுக்காமல் இறுக்கத்தை மட்டும் தளர்த்தும் சத்திரசிகிச்சையும் உண்டு. தழும்பு நோய் இல்லாதவர்களுக்கு அது பொருந்துமா, பதுளையில் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

பெரியவருக்குப் புதிதாக இறுகினால்?

முதலில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

சீனி வருத்தத்துக்கு எம்பாக்லிஃப்லோசின், டபாக்லிஃப்லோசின் குடிக்கிறவருக்கு அரிப்பு?

அம்மருந்துகளே அங்கே பூஞ்சணத் தொற்றை வரவழைக்கலாம்; மாத்திரையை டொக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பின்னால் போன தோல் திரும்பி வராமல் வீங்கினால்?

கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் 1990 அம்பியூலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைக்குச் சுன்னத்து செய்யப் போகிறோம், ஏதும் பார்க்க வேண்டுமா?

மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தால் செய்யக் கூடாது; அதைச் சரிசெய்ய அந்தத் தோலே பிறகு தேவைப்படலாம், முதலில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.