நாற்பது நிமிடங்களுக்குள்: சில ஆவணக் குறும்படங்கள்

ஆவணப்படம் என்றால் என் அப்பாவுக்கு நினைவு வருவது, தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டிய ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள்தான். ஏதாவது ஒரு அணைக்கட்டைக் காட்டுவார்கள். கனத்த குரலில் ஒருவர் விடாமல் விளக்கிக்கொண்டே இருப்பார். பாதிப் பேர் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்பார்களாம்.

அந்தக் குரல் இல்லாத ஆவணப்படங்களைத்தான் சில ஆண்டுகளாக நான் தேடிப் பார்த்து வருகிறேன். ஆஸ்கார் விதிகளின்படி 40 நிமிடத்துக்கு மேல் ஓடாதது ஆவணக் குறும்படம். ஆபீஸ் வேலை முடிந்து, மகள் தூங்கிய பிறகு ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். இந்த வசதிக்காகத்தான் ஆரம்பித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடியது ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ (2022). முதுமலை தெப்பக்காடு முகாமில், தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியரின் கதை. இருவரும் காட்டுநாயக்கர் சமூகத்தினர். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் சுமார் ஐந்து ஆண்டுகள் இவர்களோடு பழகி எடுத்த படம் இது. 2023 மார்ச்சில் ஆஸ்கார் வென்றது. இதில் யாரும் நமக்கு யானையைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை. குளிப்பாட்டுகிறார்கள், சோறு ஊட்டுகிறார்கள், செல்லமாகத் திட்டுகிறார்கள். பின்னர் வனத்துறை ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கும்போது, அந்த வீட்டில் என்ன குறைந்துபோனது என்பதை விளக்க எந்தக் குரலும் தேவைப்படவில்லை.

விளையாட்டைப் பற்றியது ‘தி குவீன் ஆஃப் பாஸ்கெட்பால்’ (2021). பென் ப்ரௌட்ஃபுட் இயக்கிய 22 நிமிடப் படம். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் முதல் கூடையைப் போட்டவர் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த லூசியா ஹாரிஸ். டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 1975, 76, 77 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். 1977-ல் ஆண்களுக்கான என்பிஏ அணி ஒன்று அவரைத் தேர்வு செய்தது, அவர் போகவில்லை. அதன்பின் உலகம் அவரை மறந்துவிட்டது. படத்தின் பெரும்பகுதி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பேசும் அவருடைய முகம்தான். இடையிடையே பழைய ஆட்டக் காட்சிகள். படம் வெளிவந்தது 2021-ல். 2022 ஜனவரியில் ஹாரிஸ் காலமானார். மார்ச்சில் ஆஸ்கார் கிடைத்தபோது அவர் இல்லை. படம் எடுக்க ஓராண்டு தாமதித்திருந்தால் அந்தச் சிரிப்பு நமக்குக் கிடைத்திருக்காது.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது இவற்றுக்கெல்லாம் முந்தியது, மிகச் சிறியதும்கூட. ‘மேரீஸ் டிக்‌ஷனரி’ (2014), பத்து நிமிடம்கூட ஓடாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வுக்சும்னி என்ற பூர்வகுடி மொழி இருக்கிறது. அதைச் சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி ஆளாக மிஞ்சியவர் மேரி வில்காக்ஸ். அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, சுமார் ஏழு ஆண்டுகளில் ஓர் அகராதியை உருவாக்கினார். உச்சரிப்பு தொலைந்துவிடக்கூடாது என்று பேரனோடு உட்கார்ந்து ஒலிப்பதிவும் செய்தார். 2021-ல் தன் 87-வது வயதில் மறைந்தார். ஆனால் மொழி அவரோடு போகவில்லை. அவரிடம் கற்ற மகள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார்.

நான் வசிக்கும் சான் ஹோசேயிலிருந்து அந்தப் பகுதிக்குக் காரில் மூன்று மணி நேரம்தான். செக்கோயா மரங்களைப் பார்க்க அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அப்படி ஒரு மொழி இருப்பதே படம் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

தமிழுக்கு அந்த நிலை இல்லை, கோடிக்கணக்கானோர் பேசுகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மொழி மொத்தமாகத்தான் அழிய வேண்டும் என்பதில்லையே. உடன்குடிப் பக்கம் என் தாத்தா பனையேறி. அவர் உபயோகித்த சொற்களில் எனக்குத் தெரிந்தவை அருவாப்பெட்டி, தளைநார், கலயம், விடிலி என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். எம்.எஸ். படிக்க நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் அவர் போய்விட்டார். அவருடைய குரல் என்னிடம் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்போதே என் சட்டைப்பையில் கேமரா வைத்த போன் இருந்தது.

போன மாதம் ஊருக்குப் போன் செய்து, விடிலியில் பதநீர் காய்ச்சிய என் அத்தையிடம், “கருப்பட்டிக்குப் பதம் வந்தது எப்படித் தெரியும் அத்தை?” என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார், நடுவில் நிறுத்திவிட்டார். “வாயால சொன்னா விளங்காதுய்யா. வந்து பாரு” என்றார்.

மேற்சொன்ன படங்களின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதர், அவர் கைக்குப் பழகிய ஒரு வேலை, பொறுமையாகப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். விளக்கவுரை வேண்டாம். கேமராகூட இன்று பெரிய விஷயமில்லை. நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பங்குனியில் பதநீர் இறங்கும். டிக்கெட் போட்டுவிட்டேன்.