நான்கு உருவங்கள் போதும்: ஆங்கில வினைச்சொல்லைக் கைவசமாக்குவது எப்படி?

உங்கள் பிள்ளை சாதாரண தரச் சோதனைக்காக ஆங்கில வினைச்சொற்களை ஒரு பெரிய அட்டவணையில் வைத்துப் பாடமாக்குகிறதா? அல்லது நீங்களே வேலைக்காக மறுபடி கொப்பியைத் திறந்திருக்கிறீர்களா? அந்த அட்டவணையைக் கண்டு மலைக்க வேண்டாம். அதற்குள் இருப்பவை நான்கு உருவங்களும் சில துணைச்சொற்களும்தான்.

எல்லா வினைகளுக்கும் இது பொருந்துமா?

ஒழுங்கு வினைகளுக்கு (ஒரே விதிப்படி காலம் காட்டும் வினைகளுக்கு) முழுமையாகப் பொருந்தும். 'கோ' என்பது 'வென்ட்' ஆவது போல உருமாறும் வினைகளைத் தனியாகத்தான் பாடமாக்க வேண்டும். ஆனால் ஆங்கில வினைகளில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்கானவை. 'டெக்ஸ்ட்', 'கூகுள்' போன்ற புதிய வினைகளும் இந்த விதிக்குள்தான் வருகின்றன.

அந்த நான்கு உருவங்கள் எவை?

சமைப்பதைக் குறிக்கும் 'குக்' என்ற சொல்லை எடுப்போம். குக், குக்ஸ், குக்கிங், குக்ட். இவ்வளவுதான். தமிழில் சமைக்கிறேன், சமைக்கிறாய், சமைக்கிறாள், சமைக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. ஆங்கிலத்தில் ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் 'குக்' ஒன்றே.

அப்படியானால் 'குக்ஸ்' எப்போது வரும்?

நிகழ்காலத்தில், 'ஹீ', 'ஷீ', 'இட்' என்று சொல்லக்கூடிய ஒருவரையோ ஒன்றையோ பற்றிப் பேசும்போது மட்டும். "மை மதர் குக்ஸ்" என்பது சரி. இந்த 'எஸ்' எழுத்தை விட்டுவிடுவதால் எங்கள் பிள்ளைகள் புள்ளி இழப்பதுண்டு. 'அம்மா சமைக்கிறதில்லை' என்று சொல்லும்போது அந்த 'எஸ்' துணைவினைக்கு (கூட வந்து உதவும் வினைக்கு) மாறிவிடும்: "மை மதர் டஸ் நொட் குக்". இரண்டு இடத்திலும் போட்டால் பிழை.

இறந்தகாலத்தில் என்ன செய்வது?

'ஈ, டி' என்ற இரண்டு எழுத்துகளைச் சேருங்கள். யார் செய்தாலும் உருவம் மாறாது. கேள்வியிலும் மறுப்பிலும் மட்டும் கவனம் வேண்டும். அங்கே 'டிட்' என்ற துணைவினையே இறந்தகாலத்தைக் காட்டிவிடுவதால் முதன்மை வினை பழைய நிலைக்குத் திரும்பும். "டிட் யூ குக்?" என்பதே சரி, "டிட் யூ குக்ட்?" என்பது பிழை.

எழுதும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள். சொல் 'ஈ' எழுத்தில் முடிந்தால் 'டி' மட்டும் சேருங்கள். 'ஸ்டடி' போல மெய்யெழுத்தை அடுத்து 'வை' வந்தால், அந்த 'வை' 'ஐ' ஆக மாறிய பிறகு 'ஈ, டி' வரும். 'ஸ்டொப்' போல ஒற்றை உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் குறுகிய சொற்களில் பெரும்பாலும் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

எழுத்து ஒன்றானால் உச்சரிப்பும் ஒன்றுதானா?

இல்லை. 'குக்கெட்' என்று வாசிப்பது பிழை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். குக், வோஷ், ஹெல்ப் என்பவற்றின் கடைசி ஒலியில் தொண்டை அதிராது. அவற்றின் பின்னால் வருவது, யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்று சொல்லும்போது வரும் 'ற்ற்' போன்ற ஒலி. 'கிளீன்' என்பதில் தொண்டை அதிரும். அதன் இறந்தகாலம், நாங்கள் 'கன்று' என்று சொல்லும்போது கேட்கும் ஒலிக்கு மிக நெருங்கியது. 'வெயிட்', 'நீட்' போன்றவற்றில் மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும்.

இது எங்களுக்குப் புதிதல்ல. செய்தான், உண்டான், கற்றான் என்று தமிழிலும் இறந்தகாலம் காட்டும் எழுத்து சொல்லுக்குச் சொல் மாறுகிறது. த், ட், ற், இன் என்று நன்னூல் அவற்றை வகுத்துத் தருகிறது.

எதிர்காலத்துக்குத் தனி உருவம் உண்டா?

கிடையாது. 'வில்' போட்டு 'குக்' என்று முடியுங்கள். "ஷீ வில் குக்ஸ்" என்று 'எஸ்' சேர்த்துவிடாதீர்கள்.

மிச்ச காலங்களை எப்படிப் பிரித்தறிவது?

வீட்டில் கதைக்கும் தமிழை வைத்தே பிரிக்கலாம். 'சமைச்சுக்கொண்டிருக்கிறன்' என்றால் "ஐ ஆம் குக்கிங்". 'சமைச்சிட்டன், சாப்பிட வாங்கோ' என்றால் "ஐ ஹாவ் குக்ட்". 'நேற்றுச் சமைச்சன்' என்றால் "ஐ குக்ட் யெஸ்டர்டே".

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் 'நேற்றே சமைச்சிட்டன்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் நேற்று, போன கிழமை, 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹாவ்' வரக்கூடாது. வேலை விண்ணப்பத்தில் பழைய வேலையைப் பற்றி எழுதும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

தமிழ் இலக்கணம் தெரிந்தால் ஆங்கிலத்துக்கு உதவுமா?

நிச்சயமாக உதவும். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. அங்கே படித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் பழந்தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியத்தின் பகுதிகளை அவர் அச்சேற்றினார். ஒரு மொழியின் அமைப்பை நன்றாக அறிந்த பிள்ளைக்கு மற்ற மொழியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும்.

எப்படிப் பழகுவது?

நாளுக்கு ஒரு வினை போதும். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறீர்களா? 'வோஷ்' என்பதை எடுங்கள். ஐ வோஷ், ஷீ வோஷஸ், ஐ ஆம் வோஷிங், ஐ வோஷ்ட், ஐ ஹாவ் வோஷ்ட், ஐ வில் வோஷ். பிறகு ஒரு கேள்வி, ஒரு மறுப்பு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள்.

பிள்ளை பிழைவிட்டால் ஏசாதீர்கள். 'யார் செய்தது? எப்போது செய்தது? துணைவினை இருக்கிறதா?' என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெரும்பாலான பிழைகளைப் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.