சாலையோர வியாபாரிகளே, கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் தரைக்கடைகளையும் தள்ளுவண்டிகளையும் பார்க்கலாம். திராட்சை, துணி, பாத்திரம் என விற்றுப் பிழைக்கும் இவர்களுக்கு உள்ள பெரிய கவலை, எந்த நேரத்தில் அப்புறப்படுத்துவார்களோ என்பதுதான். ஆனால், இவர்களுக்கென்றே ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது.

சாலையோரத்தில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சோடன் சிங் வழக்கில் கூறியது. அதே சமயம், குறிப்பிட்ட ஓர் இடம்தான் வேண்டும் என்று யாரும் உரிமை கோர முடியாது. அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. இந்த இரண்டையும் ஒழுங்குபடுத்தும் சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

* ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும்.
* ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.
* இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை.
* பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். உரிய கட்டணத்தைச் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். 2011 கணக்குப்படி சுமார் 68 ஆயிரம் பேர் வாழும் கம்பத்தில், இது ஏறத்தாழ 1,700 பேர்.

சிக்கல் எங்கே? ஊர் ஊராகச் சென்று விற்பவரையும் சட்டம் வியாபாரியாகவே ஏற்கிறது. ஆனால் கணக்கெடுப்பையும் சான்றிதழையும் அந்தந்த நகராட்சியோ பேரூராட்சியோதான் கவனிக்கிறது. காலையில் கம்பம், மதியம் கூடலூர், மாலையில் ஏதாவதொரு கிராமம் என்று அலைபவர், கணக்கெடுக்க வரும் நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. கிராம ஊராட்சிகளோ இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை.

எனவே, அதிகம் விற்கும் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். விடுபட்டிருந்தால் அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இடையிலும் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். சான்றிதழ் கிடைத்த பின் அதை வாடகைக்கு விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிகள் நம்மிடையே பலர் உண்டு. ஜமாஅத் அலுவலகங்களில் வாரம் ஒருநாள் படித்த இளைஞர்கள் அமர்ந்து மனு எழுதிக் கொடுத்தால், பல குடும்பங்களின் அடுப்பு அணையாமல் காக்கலாம்.